காற்றின் பெயர் கொண்ட குத்துச்சண்டை வீரர்



எங்கள் ஆறுமுகநேரியில் சென்ற கோடை விடுமுறையின்போது ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்துப் பத்தாம் வகுப்புக்குப் போகிறவன். அவனுடைய அம்மா உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போகிறவர். பையனுக்குக் குத்துச்சண்டை கற்க வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்கோ பயம். கண் போய்விடும், மூக்கு உடைந்துவிடும், நாளைக்குத் தெருவில் அடிதடிக்குப் போவான் என்று மறுத்துவிட்டாராம். வாத்தியார் சரி என்று சொன்னால் யோசிக்கலாம் என்று மட்டும் ஒரு வழி விட்டு வைத்திருந்தார். அந்த ஒரு சொல்லை வாங்கத்தான் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், ஒரு மாணவன் அரிசிச் சாக்கில் தேரி மணலை நிரப்பி, உடைமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, வெறுங்கையால் குத்திக்கொண்டிருந்தான். படிக்கிற பையனுக்கு இது எதற்கு என்று நாலு பேர் முன்னால் அவனைத் திட்டினேன். கயிற்றையும் அறுத்துவிட்டேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அதன்பிறகு அந்த மரத்தின் பக்கமே அவன் போகவில்லை. மணல் சாக்கை வெறுங்கையால் குத்துவது விரல் எலும்புக்குக் கேடு என்பது உண்மைதான். ஆனால் முறையாகக் கற்றுத்தர எங்கேனும் ஆள் உண்டா என்று நான் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. அந்தக் குறை இன்றும் என் மனதில் இருக்கிறது.

ஆகவே இந்த முறை அவசரப்படவில்லை. பையனைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அவர் பெயர் ஹவா சிங். ஹவா என்றால் இந்தியில் காற்று என்று பொருள். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

கிராமத்து இளைஞர்

டெல்லிக்கு மேற்கே, ஹரியானா மாநிலத்தில் பிவானி என்ற ஊர் இருக்கிறது. ராஜஸ்தான் பாலைவனம் அதற்கு அதிக தூரமில்லை. மழை குறைவு, புழுதி அதிகம். கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் அதைச் சின்னக் காசி என்று சொல்வார்கள். அந்தப் பகுதியில் உமர்வாஸ் என்ற கிராமத்தில் 1937ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி ஹவா சிங் பிறந்தார்.

அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மல்யுத்தமும் கபடியும் நன்றாகத் தெரியும். வளர்ந்ததும் ராணுவத்தில் சேருவது அங்கே பல குடும்பங்களின் வழக்கம். ஹவா சிங்கும் அந்த வழியில் 1956ஆம் ஆண்டு இந்திய ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும்.

ராணுவத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் இளைஞர்களின் உடல்வாகையும் திறமையையும் பார்த்து, ஓடுகிறவனை ஓட்டத்திலும், நீந்துகிறவனை நீச்சலிலும் பழக்குவார்கள். உயரமும் உறுதியும் கொண்ட ஹவா சிங் கையுறை அணிந்தது அப்படிப்பட்ட சூழலில்தான். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சிக்கு நேரம், கற்றுத்தர ஆள் எல்லாம் அங்கே கிடைத்தன. ஓர் ஏழைக் கிராமத்து இளைஞருக்கு இவை சாதாரண உதவிகள் அல்ல. தான் எப்படித் தொடங்கிவைக்கப்பட்டோம் என்பதை அவர் மறக்கவில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சாட்சி.

நான்கே ஆண்டுகள்தான் ஆயின. 1960ஆம் ஆண்டு ராணுவத்தின் மேற்குப் பிராந்தியப் போட்டியில், அதுவரை சாம்பியனாக இருந்த மொஹப்பத் சிங்கை வீழ்த்திப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு, 1961இல், ஹெவிவெயிட் எனப்படும் அதிக எடைப் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார். அன்று தொடங்கித் தொடர்ந்து 11 முறை அந்தப் பட்டம் வேறு யாருக்கும் போகவில்லை!

பதினொரு முறை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் முதல் வகுப்பில் சேர்ந்த நாளில் பட்டம் வென்றவர், நீங்கள் பதினோராம் வகுப்பு முடிக்கும்போதும் அதை விடாமல் வைத்திருப்பதைப் போன்றது அது.

கை நழுவிய வாய்ப்பு

ஆனால் எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. 1962ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் நடந்தது. ஹவா சிங் நல்ல வேகத்தில் இருந்த நேரம். ஆனால் அந்த ஆண்டு சீனாவுடன் எல்லையில் நெருக்கடி ஏற்பட்டிருந்தது. அக்டோபர் மாதம் அது போராகவே மூண்டது. ராணுவ வீரரான அவரால் ஜகார்த்தா செல்ல முடியாமல் போயிற்று.

ஆசிய விளையாட்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். குத்துச்சண்டை வீரருக்கு நான்கு ஆண்டுகள் என்பது மிக நீண்ட காலம். வயது ஏறும், கால் தளரும், புதியவர்கள் வருவார்கள். அவர் மனம் தளர்ந்து பயிற்சியைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கைவிடவில்லை. ஆண்டுதோறும் தேசியப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டு, அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்தார்.

பாங்காக்கில் இரண்டு தங்கம்

1966ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி பஞ்சாபிலிருந்து பிரிந்து ஹரியானா என்ற புதிய மாநிலம் உருவானது. அடுத்த மாதமே தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஹவா சிங் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானின் அப்துல் ரஹ்மானை வென்று தங்கப் பதக்கம் பெற்றார். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத மாநிலத்துக்கு அது எவ்வளவு பெரிய பரிசு! அந்த ஆண்டே மத்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது அளித்தது. 1968இல் ராணுவத்தின் சிறந்த விளையாட்டு வீரருக்கான தலைமைத் தளபதி கோப்பையும் அவருக்குக் கிடைத்தது.

1970ஆம் ஆண்டுப் போட்டி தென் கொரியாவின் சியோலில் நடப்பதாக இருந்தது. பின்னர் மீண்டும் பாங்காக்குக்கே மாற்றப்பட்டது. டிசம்பர் 9ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை நடந்தது. அந்த நாட்களுக்குள்தான் ஹவா சிங்கின் 33ஆவது பிறந்தநாளும் வந்தது. குத்துச்சண்டையில் அது இளமை வயது அல்ல. இருந்தும் இறுதிப் போட்டியில் ஈரானின் ஓம்ரான் கத்தாமியை வென்று மறுபடியும் தங்கம் பெற்றார்.

அடுத்தடுத்த இரண்டு ஆசிய விளையாட்டுகளில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற இந்தியர் இன்றுவரை அவர் ஒருவரே. ஆனால் ஒலிம்பிக் மேடையில் ஏறும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

திரும்பி வந்த கேப்டன்

இத்துடன் கதை முடிந்திருந்தால், பதக்கப் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் அவர் நின்றிருப்பார். நான் அந்தப் பையனுக்குச் சொல்ல நினைத்தது இனிமேல் வருவதுதான்.

கேப்டன் என்ற பதவிப் பெயரோடு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவா சிங், பெரிய நகரம் எதற்கும் போகாமல் பிவானிக்கே திரும்பினார். அங்கே இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். விவசாயிகளின் பிள்ளைகள், ஓட்டுநர்களின் பிள்ளைகள், அரைக்கால் சட்டை போட்ட கிராமத்துப் பையன்கள் எல்லாம் அந்த ஊர்ப் பயிற்சிக் களத்துக்கு வந்தார்கள். ஆசியாவையே இருமுறை வென்றவர் காலையில் தங்கள் ஊர்க் களத்தில் நிற்கிறார் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்! சாம்பியன் என்பவர் எங்கோ படத்தில் இருப்பவர் அல்ல, நம் தெருவில் நடந்து போகிறவர் என்ற எண்ணம் வந்துவிட்டால், நம்மாலும் முடியும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும்.

முதல் பாடம் குத்துவது அல்ல

குத்துச்சண்டை கற்கப் போனவுடன் கையுறையை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. நல்ல பயிற்சிக் கூடம் எதிலும் புதிய பையனுக்கு முதலில் கிடைப்பது ஒரு கயிறுதான். கயிறு தாண்ட வேண்டும். ஓட வேண்டும். பிறகு நிற்கக் கற்க வேண்டும்.

நிற்பதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்காலை முன்னே வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, இரு கைகளாலும் முகத்தைக் காத்து, தாடையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். அப்படியே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர வேண்டும். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக் கூடாது. குத்தின் வலிமை தோளில் பிறப்பதில்லை. தரையை அழுத்தும் பாதத்தில் தொடங்கி, இடுப்பு வழியாக ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. அதனால்தான் முதலில் காலைப் பழக்குகிறார்கள்.

அதன்பிறகு கையில் துணிப்பட்டை சுற்றக் கற்றுத்தருவார்கள். மணிக்கட்டும் விரல் மூட்டும் அசையாமல் இருக்க அது உதவும். பிறகு காற்றில் குத்துவது, கண்ணாடி முன் குத்துவது, தொங்கும் பையில் குத்துவது என்று ஒவ்வொரு படியாக வரும். எதிரில் ஆளை நிறுத்துவதற்கு முன்னால் பல மாதங்கள் கடந்துவிடும். எதிரியின் குத்தில் படாமல் விலகுவதும் இந்த விளையாட்டில் பெரிய திறமைதான்.

இந்த இடத்தில் பையனின் அம்மா வந்து சேர்ந்தார். வேலை முடிந்து மகனைத் தேடிக்கொண்டு வந்தவர், வாசற்படியில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். உப்பளத்து வேலையை வைத்தே அவருக்கு விளக்கினேன். பாத்தியில் நீர் விட்ட அன்றே யாரும் உப்பு வாருவதில்லை. தெப்பத்தில் நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, பதம் பார்த்துப் பாத்திக்கு மாற்றி, பொறுமையாகக் காத்திருந்தால்தான் உப்பு பூக்கும். இடையில் அவசரப்பட்டால் சேறுதான் கையில் வரும். இந்த விளையாட்டும் அப்படித்தான் என்றேன். அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது.

அவருடைய பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. தலையில் விழும் அடி ஆபத்தானது. அதனால்தான் பயிற்சியாளர் இல்லாமல் நண்பர்கள் தங்களுக்குள் குத்திப் பழகவே கூடாது. ஹவா சிங் போட்டியிட்ட காலத்தில் தலைக்கவசம் கிடையாது. இன்று சிறுவர் போட்டிகளில் தலைக்கவசமும் பல் காப்பும் கட்டாயம். சம வயதும் சம எடையும் உள்ளவரோடுதான் மோத விடுவார்கள். போட்டிக்கு முன் மருத்துவர் பரிசோதிப்பார். ஒருவன் தடுமாறினால் நடுவர் உடனே நிறுத்திவிடுவார். இவ்வளவும் இருக்கும் இடத்தில் கற்பதற்கும் மணல் சாக்கைத் தானே கட்டிக் குத்துவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பெறாத விருது

பிவானியில் ஹவா சிங் பட்ட பாடு வீண் போகவில்லை. அவரிடம் பயின்ற ராஜ்குமார் சங்வான் ஆசியச் சாம்பியன் ஆனார். மேலும் பலர் தேசிய அளவில் வென்றார்கள். விளையாட்டு வழியாக ராணுவத்திலும் காவல்துறையிலும் ரயில்வேயிலும் வேலை பெற்ற இளைஞர்களின் வீடுகளில் அடுப்பு நன்றாக எரிந்தது. அதைப் பார்த்த அக்கம்பக்கத்துப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளையும் கைபிடித்து அழைத்து வந்தார்கள்.

சிறந்த பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு அளிக்கும் துரோணாச்சாரியார் விருது 2000ஆம் ஆண்டு ஹவா சிங்குக்கு அறிவிக்கப்பட்டது. தேசிய விளையாட்டு தினமான ஆகஸ்ட் 29ஆம் தேதி அதை அவர் பெற வேண்டும். ஆனால் ஆகஸ்ட் 14ஆம் தேதி பிவானியில் திடீரென்று காலமானார். இன்னும் பதினைந்தே நாட்கள்தான் இருந்தன! 1962இல் ஜகார்த்தாவைத் தவறவிட்டவர், 2000இல் விருது மேடையையும் தவறவிட்டார்.

இதைச் சொன்னபோது பையனின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு உழைத்தவருக்கு இப்படியா என்று கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மீதிக் கதையைச் சொன்னேன்.

வளர்ந்த விதை

எட்டு ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டு, சீனாவின் பெய்ஜிங் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இந்தியாவிலிருந்து ஐந்து குத்துச்சண்டை வீரர்கள் போனார்கள். அவர்களில் விஜேந்தர் சிங், அகில் குமார், ஜிதேந்தர் குமார், தினேஷ் குமார் ஆகிய நால்வர் பிவானியில் பயிற்சி பெற்றவர்கள்! அகிலும் ஜிதேந்தரும் கால் இறுதி வரை முன்னேறினார்கள். விஜேந்தர் வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுதான். எந்த நாட்டின் நெருக்கடியால் 1962இல் ஹவா சிங்கின் வாய்ப்பு நழுவியதோ, அந்த நாட்டு மேடையிலேயே அவர் ஊர்ப் பிள்ளை பதக்கம் அணிந்து நின்றார்.

விஜேந்தரின் தந்தை ஹரியானா அரசுப் பேருந்து ஓட்டுநர். அண்ணன் மனோஜ் முதலில் குத்துச்சண்டை கற்று, அதன் மூலம் ராணுவத்தில் வேலை பெற்று, தம்பியின் பயிற்சிக்குத் துணை நின்றார். பயிற்சியாளர் ஜக்தீஷ் சிங் அந்த இளைஞர்களை உருவாக்கினார். பாருங்கள், ஒருவர் கை கொடுக்க, அடுத்தவர் ஏறுகிறார். ஏறியவர் இன்னொருவருக்குக் கை கொடுக்கிறார்.

குத்துச்சண்டையில் உலகப் புகழ் பெற்ற சின்னஞ்சிறு நாடு கியூபா. சின்னக் காசியாக இருந்த பிவானியை இப்போது சின்னக் கியூபா என்றும் அழைக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் பின்தங்கவில்லை. பிவானி மாவட்டத்தைச் சேர்ந்த நீது கங்காஸ் 2023இல் உலகச் சாம்பியன் ஆனார். 2025ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த உலகப் போட்டியில் பிவானியின் ஜாஸ்மின் லம்போரியா தங்கம் வென்றார். அதே போட்டியில் வெள்ளி வென்ற நுபுர் ஷியோரன் வேறு யாருமல்ல, ஹவா சிங்கின் பேத்தி! ஹவா சிங்கின் மகன் சஞ்சய் குமார் தந்தையின் பெயரிலேயே பிவானியில் பயிற்சிக் கூடம் நடத்துகிறார். பேத்தி பயின்றது அங்கேதான்.

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் விதைகளை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஹவா சிங்கும் தம் பெயருக்கு ஏற்றபடியே வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பையனுக்கு என்ன ஆயிற்று?

கதை முடிந்ததும் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டு நிபந்தனைகள் போட்டார். பத்தாம் வகுப்புப் படிப்பு குறையக் கூடாது. கற்ற வித்தையைக் களத்துக்கு வெளியே ஒருநாளும் காட்டக் கூடாது. பையன் இரண்டுக்கும் தலையாட்டினான். நாங்கள் மூவரும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய் விசாரித்தோம். முறையாகக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ஒருவர் கிடைத்தார். வாரத்தில் இரண்டு நாள் அவன் போய்வருகிறான். மற்ற நாட்களில் விடியற்காலையில் என் வீட்டு வழியே ஓடுகிறான். சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் யார்மீதும் ஒரு குத்துக்கூட விடவில்லை. கயிறு மட்டும் தாண்டிக்கொண்டிருக்கிறான். அதைப் பார்க்கும்போது, எப்போதோ நான் அறுத்துப்போட்ட கயிற்றின் நினைவு கொஞ்சம் ஆறுகிறது.

நீங்களும் கற்க விரும்பினால்...

* முதலில் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஒளித்துக் கற்காதீர்கள்.
* உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமோ பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமோ பயிற்சி எங்கே நடக்கிறது என்று கேளுங்கள்.
* கண், இதயம், மூச்சு நலமா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.
* முதல் சில மாதங்கள் ஓட்டம், கயிறு தாண்டுதல், கால் அசைவு ஆகியவற்றை மட்டுமே பழகுங்கள்.
* கைப்பட்டை, கையுறை, பல் காப்பு, தலைக்கவசம் இல்லாமல் யாரோடும் மோதாதீர்கள்.
* தலையில் அடிபட்டு வலியோ மயக்கமோ வந்தால் மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.
* எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். வளரும் வயதில் பாலும் முட்டையும் பயறும் கீரையும் தேவை.
* நீங்கள் கற்றுத் தேர்ந்தபின், புதிதாக வரும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ கைப்பட்டை சுற்றக் கற்றுக்கொடுங்கள். ஹவா சிங்குக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.